பதினைந்து மேப்பும் ஒரு நன்றிக் கடிதமும்

உங்க கைக்கு ஒரு செட் மேப் வந்து சேருது. நல்ல பேப்பர், சுத்தமான பிரிண்ட். அனுப்பினவருக்கு நன்றி சொல்லி, ஒவ்வொன்றிலும் இன்னும் பதினைந்து பிரதி கிடைக்குமா என்று கேட்டு ஒரு கடிதம் போடுறீங்க. சாதாரண ஆபீஸ் மரியாதை. 54 வருஷம் கழித்து, நீங்க உயிரோடு இல்லாத காலத்தில், சர்வதேச நீதிமன்றம் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்க நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுது. மலையுச்சியில் இருக்கிற ஒரு பழங்காலக் கோயில் பக்கத்து நாட்டுக்குப் போயிடுது.

அந்தக் கடிதத்தை எழுதினவர் சயாம் நாட்டு இளவரசர் தம்ரோங் ராஜானுபாப். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. கவனக்குறைவான ஆள் போல என்று நினைச்சிடாதீங்க. தாய்லாந்தில் அவரை வரலாற்றின் தந்தை என்று கொண்டாடுகிறார்கள். பழைய ஓலை, கல்வெட்டு, கடிதம் என்று எதையும் தொலையவிடாமல் சேர்த்து வைத்த மனிதர். அவருக்கே இப்படி நடந்தது என்பதால்தான் இந்தக் கதை முக்கியம். முழுசா படிங்க.

57-வது பிள்ளை

தம்ரோங் பிறந்தது 1862 ஜூன் 21, பாங்காக்கில். அப்பா மன்னர் மோங்குட். தி கிங் அண்ட் ஐ என்ற ஹாலிவுட் படம் பார்த்திருந்தால், அதில் வருகிற ராஜா இவர்தான். அந்த மோங்குட்டுக்கு தம்ரோங் 57-வது பிள்ளை. அப்பாவுக்கு வானியலில் அவ்வளவு ஆர்வம். 1868-ல் ஒரு முழு சூரிய கிரகணம் எங்கே தெரியும் என்று தானே கணக்குப் போட்டு, அரசவையையும் வெளிநாட்டு விருந்தாளிகளையும் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் போன இடத்தில் மலேரியா தொற்றி, சில வாரங்களில் இறந்துபோனார். தம்ரோங்குக்கு அப்போது ஆறு வயசு.

அடுத்து அரியணை ஏறியவர் அண்ணன் சுலலாங்கோர்ன். வேறு தாய்க்குப் பிறந்தவர் என்றாலும் தம்பி மேல் பெரிய நம்பிக்கை. தம்ரோங் அரண்மனைப் பள்ளியில் பேட்டர்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியரிடம் இங்கிலீஷ் படித்தார். பதின்ம வயசிலேயே அரசப் படையில் வேலை. 1880-களில் கல்வித் துறை அவர் கைக்கு வந்தது. புத்த விகாரைகளிலேயே பள்ளிகளைத் தொடங்கினார். பாடப்புத்தகம் போதாமல் போனதால் தானே உட்கார்ந்து எழுத்துப்பாட நூலும் எழுதினார்.

1892-ல் உள்துறை அமைச்சர். வயசு கிட்டத்தட்ட 30. அடுத்த 23 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். இன்றைய தாய்லாந்தின் மாகாண நிர்வாகத்துக்கு அஸ்திவாரம் போட்டது அந்தக் காலத்தில்தான். அதுவரை தலைநகரைச் சுற்றித் திறை கட்டுகிற சிற்றரசர்கள் இருந்தார்கள். ஒரே சிற்றரசர் இரண்டு பெரிய ராஜாக்களுக்குத் திறை கட்டுவதும் சகஜம். எல்லை என்பது இங்கே ஒரு காடு, அங்கே ஒரு கணவாய், அவ்வளவுதான். தம்ரோங் பரம்பரைத் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்து, சம்பளம் வாங்குகிற கவர்னர்களையும் கமிஷனர்களையும் போட்டார். இவர் ஆளுகிற மாகாணம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும் என்றால் ஒரு கோடு வேண்டும். கோடு வேண்டும் என்றால் மேப் வேண்டும்.

ஆற்றில் வந்த போர்க்கப்பல்

அவர் அமைச்சரான அடுத்த வருஷமே, 1893 ஜூலையில், பிரான்சின் இரண்டு பீரங்கிப் படகுகள் பாக்நாம் கோட்டையின் குண்டுகளைத் தாண்டி சாவ் பிரயா ஆற்றில் ஏறி பாங்காக் வரைக்கும் வந்து நின்றன. பிரான்ஸ் ஏற்கெனவே வியட்நாமையும் கம்போடியாவையும் பிடித்து வைத்திருந்தது. இப்போது மேகாங் ஆற்றின் கிழக்குக் கரை முழுக்க வேண்டும் என்றது. மேற்கே பர்மாவில் பிரிட்டன். சயாம் நடுவில் மாட்டிக்கொண்டு கேட்டதைக் கொடுத்தது. நஷ்டஈடாக 30 லட்சம் பிராங்க் கட்டியது. சந்தபுரி என்ற ஊரையும் உத்தரவாதம் என்ற பேரில் பிரெஞ்சுப் படை பிடித்துக்கொண்டு பதினோரு வருஷம் விடவில்லை.

இந்த 1893-ஐ மறந்துடாதீங்க. பின்னாடி வரும்.

1904-ல் பிரான்சும் சயாமும் ஒரு ஒப்பந்தம் போட்டன. டாங்ரெக் மலைத்தொடர் பகுதியில் எல்லை எது என்று அதில் வார்த்தையில் எழுதியிருந்தது: வாட்டர்ஷெட் லைன். சிவில் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்கு: மலை மேல் மழை பெய்தால், தண்ணி ஒரு பக்கம் வடக்கே மூன் ஆற்றுக்கு ஓடும், இன்னொரு பக்கம் தெற்கே கம்போடியச் சமவெளிக்கு இறங்கும். இரண்டையும் பிரிக்கிற முகட்டுக்கோடுதான் எல்லை. தரையில் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்க்க இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்த ஒரு கமிஷன் அமைத்தார்கள். பிரெஞ்சுத் தரப்புக்கு கர்னல் பெர்னார் தலைவர்.

அந்த மலைத்தொடரின் விளிம்பில், 500 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கிற பாறை நுனியில், பிரே விஹார் கோயில் இருக்கிறது. கெமர் அரசர்கள் கட்டிய சிவன் கோயில். படிக்கட்டும் நடைபாதையும் வடக்கே, தாய்லாந்து பக்கம் பார்த்து இறங்கும். தெற்கே கம்போடியா பக்கம் நேர் பள்ளம். ஒப்பந்தத்தில் எழுதின மாதிரி முகட்டைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டால் கோயில் சயாமுக்குத்தான் வரும் என்பது தாய்லாந்தின் வாதம்.

கமிஷன் 1906 கடைசியில் அந்த வழியாகப் போனது. 1907 தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு கேப்டன் கிழக்கு டாங்ரெக்கை சர்வே பண்ணினார். ஆனால் கோயில் இருக்கிற இடத்தில் எல்லை இதுதான் என்று கமிஷன் முடிவெடுத்ததாக ஒரு மினிட்ஸ்கூட இல்லை. மேப் தயாராவதற்கு முன்பே கமிஷன் கூடுவதும் நின்றுபோனது.

அந்தக் கடிதம்

சயாமிடம் அப்போது அந்த அளவுக்கு மேப் போடுகிற வசதி இல்லை. அதனால் மேப் வரைகிற வேலையை பிரெஞ்சு அதிகாரிகளிடமே சயாம் ஒப்படைத்தது. எல்லைத் தகராறில் எதிர்த்தரப்பு சர்வேயரிடமே நம் நிலத்துக்கும் பிளான் போடச் சொன்ன மாதிரி. பாரிசில் அச்சான பதினோரு மேப்புகள் 1908-ல் சயாம் அரசுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 50 பிரதி. அதில் ஒன்று டாங்ரெக் மேப். ஸ்கேல் 1:200,000, அதாவது மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இரண்டு கிலோமீட்டர். அந்த மேப்பில் எல்லைக்கோடு கோயிலுக்கு வடக்கே சுற்றிப் போயிருந்தது. கோயில் கம்போடியாவுக்குள்.

மேப்புகள் உள்துறை அமைச்சர் தம்ரோங்கிடம் போயின. பாங்காக்கில் இருந்த பிரெஞ்சுத் தூதருக்கு அவர் நன்றி எழுதினார். மாகாண கவர்னர்களுக்கு அனுப்ப ஒவ்வொன்றிலும் இன்னும் பதினைந்து பிரதி கேட்டார். ஒரு நல்ல நிர்வாகி என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். மேப் அலமாரியில் தூங்கக் கூடாது, களத்தில் இருக்கிறவன் கையில் இருக்கணும் என்று நினைத்தார்.

கோயில் இருந்த குக்கான் பகுதியின் கவர்னருக்கும் அது போயிருக்க வேண்டும். யாரும் கோடு தப்பு என்று எழுதவில்லை.

கோயிலில் ஒரு விருந்து

1915-ல் உடல்நிலை காரணமாகவும், அடுத்த மன்னரோடு ஒத்துப்போகாததாலும், தம்ரோங் அமைச்சர் பதவியை விட்டார். அதற்குப் பிறகுதான் வரலாற்று வேலையில் முழுசாக இறங்கினார். தேசிய நூலகம், அருங்காட்சியகம், ராயல் இன்ஸ்டிடியூட் எல்லாம் அவர் பொறுப்பில் வளர்ந்தன. பர்மாவோடு நடந்த போர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் தாய்லாந்தில் பேசப்படுகிறது.

1930-ல், வயசு 67. பழைய கோயில்களைப் பார்க்க வடகிழக்கே பயணம் போனார். மன்னரின் அனுமதியோடு போன, பாதி அரசுமுறைப் பயணம். பிரே விஹாருக்கு ஏறினால், மேலே பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. பக்கத்துக் கம்போடிய மாகாணத்தின் பிரெஞ்சு அதிகாரி வரவேற்க நிற்கிறார். பார்மான்தியே என்ற பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞரும் அங்கே இருக்கிறார். அதாவது, இது எங்க வீடு, வாங்க உட்காருங்க என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

நீங்க அந்த இடத்தில் இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

தம்ரோங் சண்டை போடவில்லை. கோயிலைப் பார்த்தார், இறங்கினார். பாங்காக் திரும்பிய பிறகு அங்கே எடுத்த போட்டோக்களை அந்த அதிகாரிக்கு அனுப்பி வைத்தார். விருந்தோம்பலுக்கு நன்றி சொல்கிற தொனியில் கடிதம். சயாம் அரசும் பிரான்சிடம் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அவர் வாழ்க்கையே புரண்டது. 1932 ஜூன் 24 புரட்சியில் மன்னராட்சியின் முழு அதிகாரம் முடிந்தது. மன்னரின் உயர் ஆலோசனைக் குழுவில் இருந்த தம்ரோங்கைப் புரட்சிக்காரர்கள் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தார்கள். 1933-ல் பினாங்குக்குப் போனார். ஒன்பது வருஷம் அங்கேதான். அங்கிருந்து இளவரசர் நரிஸுக்கு எழுதிய கடிதங்களும், வந்த பதில்களும் இன்று தாய் வரலாற்று மாணவர்களுக்குப் பெரிய பொக்கிஷம். 1942-ல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. 1943 டிசம்பர் 1, பாங்காக்கில் இறந்தார்.

அவர் பினாங்கில் இருந்த காலத்தில், 1934-35-ல், சயாமே ஒரு சர்வே நடத்தியது. மேப்பில் இருக்கிற கோடும் தரையில் இருக்கிற முகடும் ஒத்துப்போகவில்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. சரி, உடனே கத்தியிருப்பாங்க என்று நினைப்பீங்க. இல்லை. அதற்குப் பிறகும் கோயிலைக் கம்போடியாவில் காட்டுகிற மேப்புகளை அரசே வெளியிட்டது. 1937-ல் பிரான்சோடு புது ஒப்பந்தம் போட்டபோதும், 1947-ல் வாஷிங்டனில் எல்லைப் பேச்சு நடந்தபோதும் இந்தக் கோட்டை யாரும் கிளப்பவில்லை. ஆனால் கோயிலுக்கு மட்டும் தாய் காவலர்கள் போய் நின்றார்கள்.

தீர்ப்பு

1953-ல் கம்போடியா சுதந்திரம் அடைந்தது. 1959 அக்டோபரில் ஹேக் நகரில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கே கொஞ்சம் சட்டம். பொதுவாக நீதிமன்றங்கள் மேப்பை அவ்வளவு லேசில் நம்பாது. 1928-ல் பால்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹூபர், ஒப்பந்தத்தோடு இணைக்கப்படாத மேப் வெறும் மறைமுகச் சான்றுதான் என்று சொல்லியிருந்தார். 1986-ல் புர்கினா ஃபாசோ, மாலி வழக்கிலும் சர்வதேச நீதிமன்றம் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது: மேப் என்பது ஒரு தகவல். அது தானாக யாருக்கும் நிலத்தைக் கொடுக்காது. இரண்டு நாடுகளும் கையெழுத்திட்ட ஆவணத்தின் பகுதியாக இருந்தால்தான் அதற்குச் சட்ட பலம் வரும்.

அப்படிப் பார்த்தால் டாங்ரெக் மேப்புக்கு பலமே இருக்கக் கூடாது. கமிஷன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, ஒப்பந்தத்திலும் இணைக்கவில்லை. நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. பிறந்தபோது அந்த மேப்புக்குக் கட்டுப்படுத்துகிற சக்தி கிடையாது என்றது. அடுத்த கேள்விதான் வழக்கைத் திருப்பியது: மேப் கையில் வந்த பிறகு சயாம் என்ன செய்தது?

தம்ரோங் நன்றி சொன்னார். பதினைந்து பிரதி கேட்டார். 1930-ல் பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே விருந்தாளியாக நின்றார். அரசு ஐம்பது வருஷம் அந்த எல்லையின் பலனை அனுபவித்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதே பொருளில் ஒரு பழைய லத்தீன் சட்டவாக்கியம் உண்டு. அதில் கூடுதலாக ஒரு நிபந்தனை: பேச வேண்டிய கட்டத்தில், பேச முடிந்தவன் பேசாமல் இருந்தால்தான் அது சம்மதம். நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டது. மேப்பில் தப்பு இருந்தது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. மேப்பைப் பார்த்தவர்கள் விவரம் தெரிந்த அதிகாரிகள், தப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது, அதனால் இப்போது வந்து தப்பு என்று சொல்ல முடியாது என்றது.

நம்ம எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உண்மையான முகட்டுக்கோடு எங்கே போகிறது என்று சொல்ல இரண்டு தரப்பும் நிபுணர்களைக் கூட்டி வந்தார்கள். பெரிய டெக்னிக்கல் வாதம் நடந்தது. கடைசியில் நீதிமன்றம், முகடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு நாடுகளும் மேப்பை ஏற்றுக்கொண்டாச்சு, மேப்பில் இருக்கிற கோடுதான் எல்லை, முடிந்தது.

1962 ஜூன் 15. ஒன்பதுக்கு மூன்று. கோயில் கம்போடியாவுக்கு. ஆறு நாள் கழித்து, ஜூன் 21, தம்ரோங்கின் நூற்றாண்டு. உலகின் பெரிய ஆளுமைகள் வரிசையில் யுனெஸ்கோ அவரைக் கௌரவித்த வருஷமும் அதுதான். அந்தக் கௌரவம் பெற்ற முதல் தாய்லாந்துக்காரர் அவர். ஒரே மாசத்தில் நாடு அவரைக் கொண்டாடவும் செய்தது, அவர் கடிதத்தால் தோற்கவும் செய்தது. ஜூலையில் தாய் வீரர்கள் மலையை விட்டு இறங்கினார்கள். கொடியை இறக்க மனசில்லாமல், கம்பத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர் பேசியிருக்க முடியுமா?

தம்ரோங்கோடு 1930-ல் அந்த மலை ஏறியவர்களில் அவர் மகள் பூன் பிஸ்மாயும் ஒருவர். அப்போது ஏன் அப்பா எதிர்ப்புச் சொல்லவில்லை என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் வழக்கில் பதிவானது. எதிர்ப்புச் சொன்னால், இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பிடுங்க பிரான்சுக்கு ஒரு சாக்கு கிடைக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பீரங்கிப் படகு ஆற்றில் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் அவர். 1893 ஞாபகம் இருக்கா?

மாற்றுத் தீர்ப்பு எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவர் சீனாவின் வெலிங்டன் கூ. இளவரசியின் விளக்கத்தைத் தன் தீர்ப்பில் எடுத்துப் பேசியவர் அவர்தான். 1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டில் சீனாவுக்காக வாதாடி, வல்லரசுகளிடம் ஏமாந்த அனுபவம் அவருக்கு உண்டு. பயந்தவனின் மௌனத்தை சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பது நியாயமான கேள்விதான்.

என் கருத்தைக் கேட்டால், 1930-ல் அந்தக் கிழவர் வாயை மூடிக்கொண்டதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. துப்பாக்கி இருக்கிறவன் வீட்டில் நின்றுகொண்டு பத்திரம் கேட்க முடியாது. ஆனால் 1935-க்குப் பிறகு, சொந்த சர்வே கையில் இருந்தும், ஒரு வரி எழுதாமல் அதே மேப்பை மறுபடி மறுபடி அச்சடித்த அலுவலகங்களை அப்படி விட முடியாது. சண்டை போட வேண்டாம். இந்த மேப்பை ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறோம் என்று ஃபைலில் ஒரு வரி போதும். மொத்தப் பழியும் தம்ரோங்கின் நன்றிக் கடிதத்தின் தலையில் விழுந்ததற்கு, அதற்குப் பின் வந்தவர்களின் அந்த எழுதாத வரிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுது.

தகராறும் 1962-ல் முடியவில்லை. 2008-ல் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் துப்பாக்கிச் சண்டை வெடித்தது. கோயில் நிற்கிற மேட்டுநிலம் முழுவதுமே கம்போடியாவுடையது என்று 2013-ல் நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. 2025-லும் அந்த எல்லையில் பீரங்கி வெடித்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். இன்றைக்கும் கம்போடியா 1:200,000 மேப்பைக் காட்டுகிறது, தாய்லாந்து அதைவிடப் பெரிய ஸ்கேலில் இருக்கிற 1:50,000 மேப்பைக் காட்டுகிறது. ஸ்கேல் பெரிதாக இருந்தால் விவரம் கூடும், கோடு துல்லியமாகும் என்று நமக்குப் பாடம் எடுத்திருக்காங்க. ஆனால் துல்லியம் கூடினதால் மட்டும் ஒரு மேப் ஜெயித்துவிடாது என்று 1962 சொல்லுது.

இன்னும் சில மாசத்தில் நம்மில் பலர் ஏதோ ஒரு சைட்டிலோ ஆபீசிலோ உட்கார்ந்திருப்போம். டிராயிங் வரும், மெயிலில் அப்ரூவல் கேட்பாங்க. பெற்றுக்கொண்டேன், நன்றி என்று டைப் பண்ண மூணு செகண்ட் ஆகும். அதற்கு முன்னாடி டிராயிங்கைத் திறந்து பாருங்க. கோடு தப்பா இருந்தா, தப்புன்னு ஒரு வரி எழுதிட்டு அப்புறம் நன்றி சொல்லுங்க.